களத்து வழக்கும் ஒரு கமாவும்

காங்கேயத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கொப்பரையைத் தேங்காய்ப் பருப்பு என்றுதான் சொல்வார்கள். உடைத்த தேங்காயைக் காயப்போடும் சிமென்ட் தரைக்குக் களம் என்று பெயர். அப்படி ஒரு களத்தைக் காலி செய்யச் சொல்லிப் போடப்பட்ட வழக்கில் பிரதிவாதிக்காக நான் ஆஜரானேன். 2010ஐ ஒட்டிய ஆண்டுகள் அவை. ஆங்கிலத்தில் பிழையாக எழுதுபவர்களைக் கண்டு படித்தவர்கள் முகம் சுளிப்பதை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். ஆனால் எந்தப் பிழை யாரைக் கெடுக்கிறது என்பது அந்த வழக்கில்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

என் கட்சிக்காரர் சிறு வியாபாரி, எட்டாவது வரை படித்தவர். கோயம்புத்தூரில் குடியிருந்த ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவரின் காலி நிலத்தை ஐந்தாண்டுக் குத்தகைக்கு எடுத்தார். பத்திரம் ஆங்கிலத்தில் தயாரானது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்பதால் முறைப்படி பதிவும் ஆனது. பிறகு கடன் வாங்கிக் களம் போட்டார், கொட்டகை எழுப்பினார், உலர்த்தும் அடுப்பு கட்டினார். இரண்டாம் ஆண்டில் நிலத்தை வாங்க ஓர் ஆள் வந்தார். உடனே என் கட்சிக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. மூன்று மாதத்தில் இடத்தைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்றது நோட்டீஸ்.

"ஏனுங்க வக்கீல் சார், பத்திரத்துல அஞ்சு வருசம்னு போட்டிருக்குதுங்களா இல்லீங்களா?" என்று கேட்டார். போட்டிருந்தது. ஆனால் அது போட்டிருந்த விதத்தில்தான் சிக்கல்.

ஷரத்து ஒரே வாக்கியம், மூன்று துண்டு. இந்தக் குத்தகை இன்று முதல் ஐந்தாண்டுகளுக்கு அமலில் இருக்கும் என்பது முதல் துண்டு. அதன்பின் மேலும் ஐந்தைந்து ஆண்டுகளாகத் தொடரும் என்பது இரண்டாவது. இரு தரப்பில் யாராவது மூன்று மாத எழுத்து நோட்டீஸ் கொடுத்து முடித்துக்கொண்டாலொழிய என்பது மூன்றாவது. முதல் துண்டுக்குப் பின் ஒரு கமா, இரண்டாவதற்குப் பின் இன்னொரு கமா. இரண்டாவது கமா இல்லாவிட்டால் நோட்டீஸ் விவகாரம் புதுப்பித்த காலத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும், முதல் ஐந்தாண்டை யாரும் தொட முடியாது. அந்தக் கமா விழுந்ததும் நடுத்துண்டு இருபுறமும் அடைபட்டுத் தனியாக நிற்கிறது. அதை எடுத்துவிட்டுப் படித்தாலும் வாக்கியம் நிற்கும். அப்படிப் படித்தால், மூன்று மாத நோட்டீஸில் எந்த நாளும் குத்தகையை முடித்துவிடலாம் என்று ஆகிறது.

ஆங்கில ஆசிரியர் யாரிடம் கொடுத்தாலும் அந்த வாக்கியத்தில் சிவப்பு மை படாது. எழுத்துப் பிழை இல்லை, வினை பிசகவில்லை, கமாக்களும் இலக்கணப்படிதான் விழுந்திருந்தன. அந்த வரியால்தான் என் கட்சிக்காரர் போட்ட முதல் முழுக்கப் போகவிருந்தது.

நிலம் கிராமப் பஞ்சாயத்து எல்லையில் இருந்த காலி மனை. அன்றைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அங்கே துணைக்கு வராது. சொத்துரிமை மாற்றுச் சட்டமும் பத்திரமும் மட்டும்தான் எங்களுக்கு. அந்தச் சட்டத்தின் 106ஆம் பிரிவு சொல்லும் நோட்டீஸ் காலமும், கட்சிக்காரர்கள் தங்களுக்குள் வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாதபோதுதான் பொருந்தும். இங்கே ஒப்பந்தம் இருந்தது. ஆகவே எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் பொருளில் வந்து நின்றது.

பழைய காகிதங்களையெல்லாம் கொண்டுவரச் சொன்னேன். ரசீதுகள், கடன் பத்திரங்கள், சிமென்ட் பில்கள் எல்லாம் ஒரு துணிப்பையில் வந்தன. அவற்றின் நடுவே ஒரு கடித நகல் இருந்தது. பத்திரம் பதிவாகி ஒரு மாதத்துக்குள் என் கட்சிக்காரரின் கணக்குப்பிள்ளை நில உரிமையாளருக்கு எழுதியது. பெரிய மனிதருக்கு எழுதும் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால்தான் மரியாதை என்று எண்ணி, தெரிந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதன் நடுப்பகுதி இது: "வி ஆர் ஹேவிங் யுவர் லேண்ட் ஃபார் ஃபைவ் இயர்ஸ். டில் ஃபைவ் இயர்ஸ் நோ வெக்கேட்டிங் அஸ் யுவர்செல்ஃப் டோல்ட். சோ வி ஆர் புட்டிங் கான்கிரீட். கைண்ட்லி டு த நீட்ஃபுல்."

நகலின் அடியில் நில உரிமையாளர் தம் கையால் தமிழில் எழுதியிருந்தார்: "கடிதம் கிடைத்தது. கான்கிரீட் போடச் சம்மதம்." கீழே கையெழுத்து, தேதி.

ஆங்கிலம் நன்கு அறிந்தவரை எரிச்சலூட்டும் பிழை ஏறக்குறைய எல்லாமே அந்த மூன்று நான்கு வரியில் இருந்தது. உடைமையைக் குறிக்கும் வினைக்கு 'இங்' சேர்ப்பது ஆங்கில வழக்கமில்லை. நமக்கு 'வைத்திருக்கிறோம்' என்ற ஒரே வடிவம் எல்லாவற்றுக்கும் போதும் என்பதால் 'ஹேவிங்' தானாக வந்து விழுகிறது. 'டில்' என்ற சொல்லுக்குப் பின் ஒரு நாளோ நேரமோ வரவேண்டும், கால அளவு வரக்கூடாது. குடியிருப்பவர் தாமே வெளியேறினால்தான் அது 'வெக்கேட்'. உரிமையாளர் வெளியேற்றுவதற்கு வேறு சொல் இருக்கிறது. 'யுவர்செல்ஃப்' என்பதைக் கேட்டால் பலருக்கும் பல் கூசும். ஆனால் நம் 'தாங்கள்' என்பதே 'தான்', 'தாம்' என்ற சொற்களின் வழியில் வந்த மரியாதைச் சொல்தான். மரியாதை குறையாமல் எழுத வேண்டும் என்று அந்த மனிதர் பட்ட பாடு அந்த ஒரு சொல்லில் எனக்குத் தெரிந்தது.

எதிர்த்தரப்பில் வந்தவர் எங்கள் பாரில் ஆங்கிலத்துக்குப் பேர்போன சீனியர். வாதம் செய்ய எழுந்தால் ஜூனியர்கள் கேட்பதற்காகவே வந்து உட்காருவார்கள். கணக்குப்பிள்ளை சாட்சி சொல்ல வந்த அன்று அந்தக் கடிதத்தை அவர் வரிவரியாக, ஒவ்வொரு பிழையிலும் நின்று நின்று வாசித்தார். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. 'வெக்கேட்' என்றால் என்ன அர்த்தம், யார் யாரை வெக்கேட் செய்வது என்று சாட்சியைக் கேட்டார். கூண்டில் நின்ற பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கை நடுங்க, "ஐயா, எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு எழுதினேனுங்க. தப்பிருந்தா மன்னிச்சுக்குங்க" என்றார்.

அவர் மன்னிப்புக் கேட்டது எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆயுள் முழுக்க ஒரு காசு பிசகாமல் கணக்கு எழுதியவர் அவர். தாம் படித்திராத ஒரு மொழியில் தம் முதலாளியின் நியாயத்தைத் தெளிவாக எழுதி வைத்திருந்தார். அதற்காக ஒரு பொது மன்றத்தில் அவர் தலைகுனிய வேண்டியிருந்தது.

நல்ல ஆங்கிலம் எனக்கும் பிடிக்கும். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின் 'அபவுட்' போட்டால் என் ஜூனியரிடம் திருத்தச் சொல்வேன். 'ரிவர்ட் பேக்', 'ரிட்டர்ன் பேக்', 'கசின் பிரதர்' எல்லாம் மனுவில் வந்தால் அடித்துவிடுவேன். 'இட்ஸ்' என்ற சொல்லில் மேற்குறி எப்போது வரும், எப்போது வராது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பிழை எதனாலும் ஒருவர் வழக்கில் தோற்று நான் பார்த்ததில்லை. சில பிழைகள் காலப்போக்கில் பிழையாகவும் இருப்பதில்லை. விசாரணைத் தேதியை முன்னுக்குக் கொண்டுவருவதற்கு நாம் சொல்லும் 'ப்ரீபோன்' என்ற சொல்லைப் பல காலம் கேலி செய்தார்கள். இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

சட்ட வாதத்துக்கு வருகிறேன். பதிவான பத்திரத்துக்கு மாறாக வாயால் இப்படிப் பேசிக்கொண்டோம் என்று சாட்சி சொல்ல 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 92ஆம் பிரிவு விடாது. (அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் இருக்கிறது.) சீனியர் 93ஆம் பிரிவையும் பிடித்துக்கொண்டார். பத்திரத்தின் வாசகம் மேற்பார்வைக்கே ஐயமாகவோ குறையாகவோ இருந்தால் வெளிச்சாட்சியம் கொண்டு அதைச் சரிக்கட்டக் கூடாது என்கிறது அது. அந்தப் பிரிவுக்குச் சட்டமே தரும் உதாரணம், குதிரையை 1,000 ரூபாய்க்கு அல்லது 1,500 ரூபாய்க்கு விற்கிறேன் என்று எழுதிய பத்திரம். எந்த விலை என்று அங்கே யாரும் வந்து சாட்சி சொல்ல முடியாது. எங்கள் பத்திரம் அப்படியில்லை என்பது என் வாதம். விடுபட்டது எதுவும் அதில் இல்லை. இருக்கும் சொற்கள் எதைப் பற்றிக்கொள்கின்றன என்பதுதான் கேள்வி. பத்திரத்தின் மொழி நடப்பு நிலையோடு எப்படிப் பொருந்துகிறது என்று காட்ட 92ஆம் பிரிவின் ஆறாவது காப்புரையே இடம் தருகிறது.

எனக்குப் பெரிய துணையாக நின்றது கோத்ரா எலெக்ட்ரிசிட்டி கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. 1975ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் வந்தது. ஆவணத்தின் பொருளில் ஐயம் எழுந்தால், அந்த ஆவணத்தின் கீழ் கட்சிக்காரர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைப் பார்க்கலாம் என்றும், ஆவணம் எழுந்த சிறிது காலத்துக்குள் செய்த செயல்கள் அதற்கு நல்ல வழிகாட்டி என்றும் அதில் சொல்லியிருக்கிறது. பதிவான ஒரு மாதத்துக்குள் எழுதிய கடிதமும், அதன் அடியில் உரிமையாளர் கைப்பட எழுதிய சம்மதமும் அந்த இடத்தில் அப்படியே பொருந்தின. எதற்கும் இருக்கட்டும் என்று, 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி பத்திரத்தைத் திருத்தித் தர வேண்டும் என்று எதிருரையில் மாற்று வேண்டுதலும் வைத்திருந்தோம். அதைத் தனியாகக் கேட்டு வைக்காவிட்டால் பிறகு கிடைக்காது.

சீனியர் இரண்டு அம்பு விட்டார். ஒன்று முகமது ஷபீர் வழக்கு, 1979. மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தின் 27ஆம் பிரிவில் 'ஸ்டாக்ஸ்' என்ற சொல்லுக்குப் பின் கமா இல்லாததைக் கவனித்த உச்ச நீதிமன்றம், மருந்தை வெறுமனே வைத்திருந்தால் அந்தக் குற்றம் ஆகாது, விற்பனைக்காக வைத்திருந்தால்தான் ஆகும் என்று முடிவு செய்தது. ஒரு கமா இல்லாததால் ஒருவர் தண்டனையிலிருந்து தப்பலாம் என்றால், ஒரு கமா இருப்பதால் தம் கட்சிக்காரருக்கு உரிமை ஏன் வரக்கூடாது என்று கேட்டார். நல்ல கேள்விதான். 1952ஆம் ஆண்டின் அஸ்வினி குமார் கோஷ் வழக்கை நான் எடுத்துக் காட்டினேன். பொருள் கொள்வதில் நிறுத்தக்குறி சிறிய அங்கம் என்றும், கவனத்தோடு குறியிட்ட சட்டத்தில் ஐயம் எழும்போது அதற்கு உரிய மதிப்பு உண்டு என்றும் நீதிபதி பி.கே. முகர்ஜி அதில் எழுதியிருக்கிறார். 'கவனத்தோடு' என்ற இடத்தில்தான் நான் ஊன்றி நின்றேன். எங்கள் பத்திரத்தில் கமாவை யார், என்ன கவனத்தோடு போட்டார்கள்?

இரண்டாவது அம்பு கனடாவிலிருந்து வந்தது. அங்கே ரோஜர்ஸ் என்ற கேபிள் நிறுவனம் அலையன்ட் என்ற தொலைபேசி நிறுவனத்தின் கம்பங்களில் தன் கேபிளைக் கட்டிக்கொள்ள ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டிருந்தது. அந்த ஒப்பந்தத்திலும் ஏறக்குறைய இதே வாக்கியம்தான், இதே இரண்டு கமா. 2006இல் கனடாவின் தொலைத்தொடர்பு ஆணையம் அந்தக் கமாவை வைத்தே, முதல் ஐந்தாண்டுக்குள்ளும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. அந்தச் செய்தி அப்போது உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. சீனியர் அதைப் படியெடுத்து நீதிபதியிடம் கொடுத்தார். நம் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது என்றாலும், நீதிபதி அக்கறையோடு வாங்கிப் படித்ததை நான் பார்த்தேன்.

ஆனால் அந்த வழக்கு 2006இல் முடியவில்லை. ரோஜர்ஸ் மறு ஆய்வு கேட்டது. கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் சமமான ஆட்சி மொழிகள். ஆணையம் முன்பே ஒப்புதல் தந்திருந்த மாதிரி ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு வடிவமும் இருந்தது. ஐயத்துக்கே இடமில்லாத வாக்கியம் அதில். முதல் ஐந்தாண்டுக்குள் முடிக்க முடியாது. 2007இல் ஆணையம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. அடுத்த வாய்தாவில் அந்த இரண்டாவது முடிவை நான் தாக்கல் செய்தேன். பிரெஞ்சு நமக்கு இல்லை, ஆனால் உரிமையாளர் கைப்படத் தமிழில் எழுதிய ஒரு வரி இருக்கிறது என்றேன்.

கமா வந்த வழி பத்திரம் அடித்துக் கொடுத்தவரின் சாட்சியத்தில் வெளிவந்தது. பதிவு அலுவலகத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த இளைஞர் அவர். செல்போன் கோபுரம் வைக்க ஒரு நிறுவனம் எடுத்த குத்தகைப் பத்திரம் அவருடைய கணினியில் கிடந்தது. கோபுரக் குத்தகைகளில் நிறுவனம் விரும்பும்போது விலகிக்கொள்ள இப்படி ஒரு வரி வைப்பார்கள். அவர் அதையே எடுத்து, பேரையும் தொகையையும் எல்லையையும் மாற்றினார். ஒரு பக்கத்துக்கு மட்டும் உரிமை கொடுப்பது நியாயமில்லை என்று தோன்றவே, 'இரு தரப்பில் யாராவது' என்று தாமே திருத்தியிருக்கிறார். நல்லெண்ணத்தில் செய்ததுதான். நிறுவனத்தின் சட்டப் பிரிவு தனக்குப் பாதுகாப்பாக எழுதிக்கொண்ட வரி இப்படித்தான் பருப்புக் களத்துக்கு வந்து சேர்ந்தது. கமாவைப் பற்றிக் கேட்டபோது, "அது ஏற்கெனவே இருந்ததுங்க, நான் தொடவே இல்லை" என்றார்.

நில உரிமையாளரைக் குறுக்கு விசாரணை செய்தபோது பத்திரத்தைப் படித்தீர்களா என்று கேட்டேன். தொகையையும் நான்கெல்லையையும் பார்த்ததாகச் சொன்னார். மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லக்கூடிய இடத்தில் கான்கிரீட் போடச் சம்மதம் எழுதினீர்களா என்று கேட்டேன். "அவர் செலவு, அவர் விருப்பம்" என்றார். முத்திரைத் தீர்வையை எத்தனை ஆண்டு வாடகைக்குக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டேன். "ஐந்து ஆண்டுக்கு" என்றார். எப்போது வேண்டுமானாலும் முடியக்கூடிய குத்தகைக்கு ஐந்தாண்டுத் தீர்வை எதற்கு என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

இறுதி வாதத்தில் சீனியர் மறுபடியும் கடிதத்துக்கு வந்தார். இந்த மொழியிலிருந்து எந்தப் பொருளையும் உறுதியாக எடுக்க முடியாது என்றார். நீதிபதி கடிதத்தைக் கையில் எடுத்துத் தமிழில் சொன்னார்: "ஐந்து வருஷம் வரைக்கும் காலி செய்யச் சொல்ல மாட்டேன் என்று நீங்களே சொன்னீர்கள், அதனால் கான்கிரீட் போடுகிறோம். எனக்கு இப்படித்தான் புரிகிறது. வேறு மாதிரிப் புரிந்துகொள்ள வழி இருந்தால் சொல்லுங்கள்." சீனியர் அடுத்த வாதத்துக்குப் போய்விட்டார். பின்வரிசையில் அன்று யாரும் சிரிக்கவில்லை.

தீர்ப்பில் வழக்கு தள்ளுபடியானது. ஷரத்துக்கு இரண்டு விதமாகவும் பொருள் கொள்ள முடியும் என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால் சீனியர் சொன்னபடி படித்தால் ஐந்தாண்டு என்ற சொல்லுக்கே வேலை இல்லாமல் போகிறது என்றும், பத்திரம் வாதி ஏற்பாட்டில் தயாரானதால் ஐயத்தின் பலன் பிரதிவாதிக்கே என்றும் எழுதினார். கடிதத்தைப் பற்றி எழுதிய பத்தியை நான் பலமுறை படித்திருக்கிறேன். எழுதியவரின் ஆங்கில அறிவை அளக்க இந்த நீதிமன்றம் கூடவில்லை, அவர் சொன்னதும் வாதி அதற்குச் சம்மதித்ததும் தெளிவு என்பது அதன் சாரம். தீர்ப்பு நகல் கிடைத்ததும் அந்தப் பத்தியைக் கணக்குப்பிள்ளைக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டிலும் இது நடக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பால் லாரி ஓட்டுநர்கள் கூடுதல் நேர ஊதியம் கேட்டுப் போட்ட வழக்கு 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர்கள் பக்கம் திரும்பியது. விதிவிலக்கான வேலைகளைச் சட்டம் வரிசையாகச் சொல்லும் இடத்தில், கடைசி இரண்டுக்கும் இடையே ஒரு கமா விடுபட்டிருந்தது. சரக்கை அனுப்புவதற்காகவும் வினியோகத்துக்காகவும் கட்டி வைப்பதுதான் விதிவிலக்கா, வினியோகமே தனி விதிவிலக்கா என்று சொல்ல முடியாமல் போனது. ஓட்டுநர்கள் கட்டுகிறவர்கள் இல்லை, வினியோகிக்கிறவர்கள். அடுத்த ஆண்டு 50 லட்சம் டாலருக்கு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்து, சட்டம் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் எழுதிய சட்டம் அது.

எங்கள் வழக்கில் வாதி மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார், அங்கும் தோற்றார். அதற்குள் நிலம் வாங்க வந்தவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார், ஐந்தாண்டும் முடியப்போனது. இரண்டாம் மேல்முறையீட்டுக்கு அவர்கள் உயர் நீதிமன்றம் போகவில்லை. சீனியரும் நானும் பேசி, இரு தரப்பையும் உட்காரவைத்துப் புதிய குத்தகை எழுதினோம். இந்த முறை தமிழில். முதல் ஐந்தாண்டுக்குள் எவரும் முடித்துக்கொள்ள முடியாது என்பது ஒரு வாக்கியம். அதன்பின் நோட்டீஸ் கொடுத்து முடிக்கலாம் என்பது தனி வாக்கியம். தமிழில் நிபந்தனை வினைக்கு முன்னால் வந்து வினைமுற்றோடு வாக்கியம் முடிந்துவிடுவதால், அது எதைப் பற்றியது என்று எழுதும்போதே தீர்மானித்தாக வேண்டியிருந்தது. வங்கிக் கடனுக்கு ஆங்கிலப் பிரதி தேவைப்பட்டதால் மொழிபெயர்ப்பு ஒன்றையும் இணைத்தோம். இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் தமிழ் வாசகமே செல்லும் என்று ஒரு ஷரத்துச் சேர்க்க வேண்டும் என்று முதலில் கேட்டவர் நில உரிமையாளர்தான்.